கியர் பெட்டிக்கு ஒரு டானிக்

இந்த ஐப்பசியில் மலையில் மழை கொஞ்சம் பலம். கோலப்பன் ஏரிப் பக்கம் காலை நடை போக முடியாமல் பத்து நாள் வீட்டுக்குள்ளேயே கிடந்தோம். அந்தப் பத்து நாளில் எழுதி முடித்திருக்க வேண்டியது இது. கை வரவில்லை. என் தப்பைப் பற்றி நானே எழுத வேண்டியிருந்ததுதான் காரணம். இப்போது தீபாவளியும் போய்விட்டது, எழுதிவிடுகிறேன்.

பழைய நண்பர்களுக்கு என் கதை தெரியும். புதிதாக வந்தவர்களுக்காக இரண்டு வரி. பிறந்தது பாண்டிச்சேரி. படித்தது பிரெஞ்சு வழியில். தமிழ் எனக்குப் பள்ளிக்கூடத்தில் ஒரு பாடம், வீட்டில் பேச்சு, அவ்வளவுதான். அதனால்தான் இன்றைக்கும் என் எழுத்தில் ரகரமும் றகரமும் இடம் மாறி உட்கார்ந்துகொள்ளும். புதுவை அரசில் எழுத்தராகச் சேர்ந்து, எழுத்தராகவே ஓய்வு பெற்றேன். மகளுக்கு ஜமுனாமரத்தூர் பள்ளியில் ஆசிரியை வேலை. மனைவிக்குச் சொந்த ஊர் கீழே போளூர். கடற்கரையில் பிறந்தவன் மலையில் வந்து குடியேறியது இப்படித்தான்.

மூன்று வருஷத்துக்கு முன் இடது முழங்காலில் ஆபரேஷன் ஆனது. டாக்டர் சொன்ன முதல் வார்த்தை, "இனிமே கிளட்ச் மிதிக்காதீங்க" என்பது. மனைவிக்கு இதயத்தில் வால்வு கோளாறு. இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போயாக வேண்டும். மலையிலிருந்து போளூருக்குச் சுமார் 40 கிலோமீட்டர், அப்புறம் கண்ணமங்கலம் வழியாக வேலூர். பஸ்ஸில் அவளை நிற்கவைத்துக் கூட்டிப்போக மனசு வரவில்லை. சென்னையில் ஒருவர் ஓட்டிக்கொண்டிருந்த பழைய ஆட்டோமேட்டிக் கார் ஒன்றை வாங்கினேன். 2012 மாடல். நாலு கியர், டார்க் கன்வர்ட்டர் வைத்த பழைய பாணி. கிளட்ச் பெடல் கிடையாது. இடது கால் சும்மா இருக்கும், வலது கால் மட்டும் வேலை செய்யும்.

ஒன்றரை வருஷம் ஒரு குறையும் இல்லை. போன ஆடியில் ஆரம்பித்தது. ரிவர்ஸிலிருந்து டிரைவுக்குத் தள்ளினால் உடனே பிடிக்காது. ஒன்று, இரண்டு என்று எண்ணலாம். பிறகு 'டொக்' என்று ஒரு இடி, அப்புறம்தான் நகரும். அத்திமூர் தாண்டி ஏற்றம் தொடங்கினால் இன்னும் மோசம். எஞ்சின் கத்தும், வண்டிக்கு இழுவை வராது. ஒரு நாள் சாயங்காலம் வேலூரிலிருந்து திரும்பும்போது ஒரு வளைவில் அப்படியே நின்றுவிட்டது. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் சத்தம் மட்டும் வருகிறது. பக்கத்தில் மனைவி. இருட்டிக்கொண்டு வருகிறது. போனில் சிக்னல் இல்லை. கைபிரேக்கைப் போட்டுவிட்டு இறங்கி டயருக்குக் கல் வைத்தேன். கால் மணி நேரம் கழித்து ஸ்டார்ட் செய்தேன், ஒன்றுமே நடக்காதது போல ஏறியது. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. கார் போனால் போகிறது. அவளை அந்த வளைவில் உட்காரவைத்துவிட்டேனே என்பதுதான் திரும்பத் திரும்ப வந்தது.

அடுத்த வாரம் கீழே ஒரு ஊரில், பெயர் வேண்டாம், ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் விஷயத்தைச் சொன்னேன். கடைக்காரர் யோசிக்கவே இல்லை.

"சார், கியர் பாக்ஸை இறக்கினா எழுபதாயிரம். எதுக்கு சார்? இந்த டப்பா பாதி ஊத்துங்க. வெண்ணெய் மாதிரி போகும்."

டப்பா 1,150 ரூபாய். கியர் வழுக்குவது நிற்கும், ஒழுகல் நிற்கும், உதறல் நிற்கும், எல்லா ஆட்டோமேட்டிக் வண்டிக்கும் ஏற்றது என்று அதன் மேல் அச்சிட்டிருந்தார்கள். பஸ் ஸ்டாண்டில் லேகியம் விற்பவர் வாத நோய்க்கும் மூல நோய்க்கும் முடி உதிர்வதற்கும் ஒரே டப்பாவைக் காட்டுவாரே, அவர்கூட மூன்று நோயோடு நிறுத்திக்கொள்வார். முப்பத்து நாலு வருஷம் ஆபீசில் கையெழுத்தையும் தேதியையும் சரிபார்த்தவன் நான். அன்றைக்கு எதையும் சரிபார்க்கவில்லை. எழுபதாயிரம் என்ற எண் காதில் விழுந்ததும் புத்தி வேலை செய்யவில்லை.

வீட்டுக்கு வந்து, டிப் ஸ்டிக் குழாயில் புனல் வைத்து, 300 மில்லி ஊற்றினேன். மறுநாள் போளூர் போய் வந்தேன். சொன்னால் நம்பமாட்டீர்கள், வண்டி புதுசு மாதிரி ஆகிவிட்டது. டிரைவில் தள்ளியதும் பிடித்தது. ஏற்றத்தில் முனகல் இல்லை.

இந்த சந்தோஷத்தை நான் யாரிடம் சொல்வேன்? என்னோடு தினமும் நடை வருகிற ஓய்வுபெற்ற தலைமையாசிரியரிடம்தான். ஊரே அவரை ஹெச்.எம். சார் என்றுதான் கூப்பிடும், நானும் அப்படியே எழுதுகிறேன். அவருடைய மகன் சென்னையில் வேலை பார்க்கிறான். அப்பாவுக்குக் கால் வலிக்கக்கூடாது என்று அவனும் ஒரு ஆட்டோமேட்டிக் வாங்கிக் கொடுத்திருந்தான். அந்தக் காரில் ஒரு குறையும் இல்லை. இதை அழுத்திச் சொல்கிறேன், ஒரு குறையும் இல்லை. "முன்ஜாக்கிரதையா நீங்களும் ஊத்திடுங்க சார், மலையில ஓட்டுற வண்டி" என்று சொன்னது நான். மீதிப் பாதி டப்பாவைத் துணிப்பையில் போட்டு அவர் வீட்டுத் திண்ணையில் வைத்துவிட்டு வந்ததும் நான். அவர் காரில் டிப் ஸ்டிக் இல்லை. டூ வீலர் மெக்கானிக் பையன் ஒருவன் நிரப்பும் போல்ட்டைத் தேடிப் பிடித்து, டியூப் வைத்து ஊற்றிக் கொடுத்தான்.

புரட்டாசி பிறந்தபோது இரண்டு சமாசாரம் சேர்ந்தாற்போல் வந்தது. என் காரில் பழைய 'டொக்' திரும்பி வந்தது. ஹெச்.எம். சார் கார் காவலூர் போகும் வழியில் நடுங்க ஆரம்பித்தது. இருபது, முப்பது கிலோமீட்டர் வேகத்தில் ஏற்றம் ஏறும்போது, காய்ச்சல்காரனுக்குக் குளிர் எடுத்தது போல வண்டி முழுக்க ஒரு உதறல். அவர் எனக்குப் போன் செய்து கேட்டது ஒரே கேள்வி: "நீங்க எவ்வளவு சார் ஊத்தினீங்க?" குரலில் கோபமே இல்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

என் காரை வேலூரில் ஆட்டோமேட்டிக் மட்டும் பார்க்கிற ஒரு மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். முப்பது வயசு இருக்கும். எஞ்சினை ஓடவிட்டு, சூடேறிய பிறகு டிப் ஸ்டிக்கை உருவி, நுனியிலிருந்த ஆயிலை வெள்ளைத் தாளில் தொட்டு வைத்தான். சிவப்பாக இருக்க வேண்டியது ரசம் மண்டியின் நிறத்தில் இருந்தது. முகர்ந்து பார்க்கச் சொன்னான். தீய்ந்த வாடை.

"ஐயா, இதுல எதையோ கலந்திருக்கீங்க. சரி, அது இருக்கட்டும். ஆயில் அளவே கம்மி. கூலர் ஓஸ்ல கிளிப் லூசாகிக் கசியுது பாருங்க."

"ஊத்தினதும் மூணு வாரம் அருமையா ஓடிச்சே தம்பி?"

"முந்நூறு மில்லி கொறைஞ்சிருந்திச்சு. நீங்க முந்நூறு மில்லி ஊத்தினீங்க. லெவல் சரியாச்சு, ஓடிச்சு. அதுவும் கசிஞ்சி போச்சு, நின்னுச்சு. நல்ல ஆயிலே ஊத்தியிருந்தாலும் அதே மூணு வாரம் ஓடியிருக்கும்."

இதைக் கேட்டதும் எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. டானிக் செய்த அற்புதம் என்று ஊரெல்லாம் சொன்னேனே, அது வெறும் அளவுக் கணக்கு. கியர் பெட்டிக்குள் ஒரு பம்ப் உண்டு. அடித்தட்டிலிருக்கும் ஆயிலை அது உறிஞ்சி அழுத்தம் கொடுக்கும். அளவு குறைந்தால், ஏற்றத்தில் ஆயில் ஒரு பக்கமாகச் சாயும்போது பம்ப் காற்றையும் சேர்த்து உறிஞ்சிவிடும். காற்றுக் குமிழிக்கு அழுத்தம் நிற்காது. அழுத்தம் இல்லையென்றால் உள்ளே கிளட்ச் தட்டுகள் இறுகாது. அந்த வளைவில் நான் நின்றதும், கால் மணி நேரத்தில் நுரை அடங்கியதும் வண்டி ஏறியதும் இதனால்தான்.

அப்புறம் வீட்டுக்கு வந்து படிக்க உட்கார்ந்தேன். என் ஆங்கிலம் ஃபைலில் குறிப்பு எழுதுகிற ஆங்கிலம். 'மேலுத்தரவுக்காகப் பணிந்து அனுப்பப்படுகிறது' என்கிற மட்டத்துக்குச் சரி, எஞ்சினியரிங்குக்குத் தாங்காது. அதனால் பிரெஞ்சில் தேடிப் படித்தேன். கார் கையேடுகள் அந்த மொழியில் எத்தனையோ கிடைக்கின்றன. ஒரு வார்த்தையைப் பார்த்ததும் சிரிப்பு வந்தது. ஆயில் மாற்றுவதற்குப் பிரெஞ்சில் 'விதான்ஜ்' என்பார்கள். கழிவுத்தொட்டி காலி செய்வதற்கும் அதே வார்த்தைதான். என் சித்தப்பா வாயிலிருந்து அடிக்கடி கேட்ட வார்த்தை.

சித்தப்பாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 1962-ல் புதுவை சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுமென்று எழுதிக்கொடுத்துவிட்டுப் போனவர் அவர். பாரிஸ் புறநகரில் ஒரு கராஜில் வேலை. லீவில் வரும்போது சீத்ரோயன் டி.எஸ். காரைப் பற்றிக் கதை கதையாகச் சொல்வார். 1955-ல் பாரிஸ் கண்காட்சியில் வெளிவந்த கார். சஸ்பென்ஷன், பிரேக், ஸ்டியரிங், கியர் மாற்றுவது எல்லாம் ஒரே திரவ அழுத்தத்தில் வேலை செய்யும். ஆரம்பத்தில் போட்ட திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி உள்ளே துரு பிடிக்கவைத்தது. அதனால் 1966 கடைசியில் கம்பெனி திரவத்தையே மாற்றியது. சிவப்பு போய்ப் பச்சை வந்தது. கூடவே ரப்பர் சீல்களும் வேறு ரகம். சிவப்பு வண்டியில் பச்சையை ஊற்றினாலும், பச்சை வண்டியில் சிவப்பை ஊற்றினாலும் ரப்பர் கெட்டுவிடும். யாரும் தப்புச் செய்யக்கூடாது என்று புது வண்டிகளில் அந்தப் பாகங்களுக்குப் பச்சை வண்ணமே அடித்தார்கள். அப்படியும் செய்தார்கள் என்பார் சித்தப்பா. "ரப்பருக்கும் எண்ணெய்க்கும் ஜாதகம் பார்த்துத்தான்டா கட்டிவைக்கணும்" என்று சொல்லிவிட்டுத் தன் ஜோக்குக்குத் தானே சிரிப்பார். சின்ன வயசில் கேட்ட கதை. எழுபத்து நாலு வயசில் டப்பாவைத் திறக்கும்போது ஞாபகம் வரவில்லை.

ஆட்டோமேட்டிக் கியர் ஆயில் மற்ற ஆயில் மாதிரி இல்லை என்பதை இப்போதுதான் புரிந்துகொண்டேன். எஞ்சின் ஆயிலுக்கு முக்கிய வேலை உராய்வைக் குறைப்பது, சூட்டைத் தணிப்பது. கியர் பெட்டி ஆயிலுக்கோ ஒரே சமயத்தில் எதிரும் புதிருமான வேலைகள். டார்க் கன்வர்ட்டரில் எஞ்சினின் பலத்தைச் சக்கரத்துக்குக் கடத்துவதே இந்த ஆயில்தான், நடுவில் இரும்புத் தொடர்பு இல்லை. வால்வுகளைத் தள்ளுவதும் இதே. பற்சக்கரங்கள் வழுக்கி ஓட வேண்டும், அதே ஆயிலில் நனைந்த கிளட்ச் தட்டுகள் வழுக்காமல் கவ்வ வேண்டும். கவ்வுவதிலும் ஒரு பதம் உண்டு. சட்டென்று கவ்வினால் வண்டி குலுங்கும். மெதுவாகக் கவ்வினால் தட்டு தேய்ந்து கருகும். 60களில் ஃபோர்டு கம்பெனி அழுத்தமாகக் கவ்வுகிற ஒரு ரகத்தை வைத்திருந்தது, ஜெனரல் மோட்டார்ஸ் மிருதுவாகக் கவ்வுகிற ரகத்தை. ஒன்றின் பெட்டியில் மற்றதை ஊற்றினால் கியர் மாறும் தன்மையே மாறிப்போகும். அதாவது எவ்வளவு வழுக்க வேண்டும் என்பதைப் பெட்டியை வடிவமைத்தவனே முடிவு செய்து, அதற்கேற்ப ஆயிலையும் செய்யச் சொல்கிறான்.

அந்தப் பதத்துக்காகப் போடுவதுதான் சேர்மானம். உராய்வைத் திருத்துவது, நுரையை அடக்குவது, துருவைத் தடுப்பது, ரப்பரைக் காய்ந்துபோகாமல் வைப்பது என்று ஒரு கூட்டமே ஏற்கெனவே அந்த ஆயிலுக்குள் இருக்கிறது. சிவப்பு நிறம்கூடச் சாயம்தான், ஒழுகினால் எஞ்சின் ஆயிலா இதுவா என்று அடையாளம் தெரிவதற்காக. ஆக, சேர்மானமே கெட்டது என்று சொன்னால் அது தவறு. சேர்மானம் இல்லாத ஆயிலில் ஆட்டோமேட்டிக் ஓடவே ஓடாது. ஆனால் கட்டி முடித்து, பக்க எண் போட்டு, அதிகாரி கையெழுத்தான ஃபைலில் நடுவில் ஒரு தாளைச் செருகினால் என்ன ஆகும் என்று எழுத்தர்களுக்குத் தெரியும். தாள் நல்ல தாளாகவே இருக்கலாம். அதற்கப்புறம் எந்தக் குறிப்பு எதற்குப் பதில் என்று கண்டுபிடிக்க முடியாது.

படித்ததில் என்னை ரொம்ப நேரம் யோசிக்கவைத்தது திமிங்கில விஷயம். ஒரு காலத்தில் அமெரிக்காவில் இந்த ஆயிலில் போட்ட உராய்வுச் சேர்மானம் ஸ்பெர்ம் திமிங்கிலத்தின் எண்ணெய். கார் மிருதுவாகக் கியர் மாறுவதற்குக் கடலில் திமிங்கிலம் செத்தது. 1970-ல் அந்தத் திமிங்கிலம் அழியும் ஆபத்திலுள்ள உயிர் என்று அங்கே பட்டியலில் சேர்க்கப்பட்டது, பிறகு எண்ணெய் வருவது நின்றது. அதற்கு மாற்றாகச் செய்த ஆயில் முதலில் சரிப்பட்டு வரவில்லை. ரேடியேட்டருக்குள் இருக்கும் கூலர் பாகங்களை அரித்தது. மறுபடி திருத்தினார்கள். ஜெனரல் மோட்டார்ஸ் மாதிரி ஒரு பெரிய கம்பெனியே, சோதனைச்சாலை, ரசாயன நிபுணர்கள் எல்லாம் வைத்துக்கொண்டு, ஒரே ஒரு பொருளை மாற்றியதற்கு இந்தப் பாடு. நான் திண்ணையில் புனல் வைத்து ஊற்றியிருக்கிறேன்.

ஹெச்.எம். சார் காருக்கு என்ன ஆனது என்பதற்கு வருகிறேன். ஆட்டோமேட்டிக் என்ற ஒரு பெயருக்குள் வேறு வேறு ஜாதிகள் இருப்பது எனக்குத் தெரியாது. அவருடையது சி.வி.டி. ரகம். அதில் கியர் என்று தனித்தனியாக எதுவும் கிடையாது. இரண்டு கூம்பு வடிவப் புல்லிகள், நடுவில் நூற்றுக்கணக்கான இரும்புத் துண்டுகளைக் கோத்த ஒரு பெல்ட். ஹாலந்து நாட்டின் டாஃப் கம்பெனி 1958-ல் ரப்பர் பெல்ட்டோடு இந்த யோசனையைக் காருக்குக் கொண்டுவந்தது. இரும்பு பெல்ட் பின்னால் வந்தது. புல்லியும் இரும்பு, பெல்ட்டும் இரும்பு, நடுவில் மெல்லிசாக ஆயில். அந்த ஆயிலை மீறி இரண்டும் ஒன்றையொன்று பிடித்தால்தான் வண்டி நகரும். அதனால் அதற்கென்றே தனி ஆயில். வழவழப்பைக் கூட்டுகிற எதையும் அதில் போடுவது, கிணற்றுக் கயிற்றுக்கு விளக்கெண்ணெய் தடவின மாதிரி. நான் கொடுத்த டப்பாவில் 'எல்லா ஆட்டோமேட்டிக்கும்' என்று போட்டிருந்தது.

மூன்றாவது ஜாதி ஒன்றும் இருக்கிறது. நம் ஊரில் இப்போது அதிகம் கண்ணில் படுவது அதுதான். 2014-ல் மாருதி செலேரியோவில் வந்து பரவிய ஏ.எம்.டி. அதன் உள்ளே இருப்பது சாதாரண மேனுவல் கியர் பெட்டியேதான். கிளட்ச் மிதிக்கிற காலுக்கும் கியர் போடுகிற கைக்கும் பதிலாக ஒரு இயந்திரக் கை. டார்க் கன்வர்ட்டர் இல்லை, சிவப்பு ஆயில் இல்லை. மகள் ஓட்டுவது இந்த ரகம். அவள் காருக்கும் ஊற்றச் சொல்லியிருப்பேன், டப்பா தீர்ந்துபோனதால் தப்பித்தது.

சரி, இந்த டானிக்குகளால் பிரயோஜனமே இல்லையா என்று கேட்பீர்கள். வேலூர் மெக்கானிக்கிடம் நானும் கேட்டேன். அவன் நியாயமாகவே பதில் சொன்னான். பழைய டார்க் கன்வர்ட்டர் வண்டியில் சீரான வேகத்தில் ஓடும்போது ஒரு நடுக்கம் வரும். உள்ளே லாக்கப் கிளட்ச் சரியாகப் பிடிக்காததால் வருவது. ஆயில் பழசாகி அதன் உராய்வுச் சேர்மானம் செத்துப்போயிருந்தால், வெளியிலிருந்து அதைச் சேர்க்கும்போது நடுக்கம் நிற்பதுண்டு. "புது ஆயில் மாத்தினாலும் நிக்கும், அதுலயும் அந்த மருந்து இருக்குதே" என்றான். ரப்பர் சீல் இறுகிக் கசிந்தால், சீலை உப்பவைக்கிற சேர்மானம் கொஞ்ச நாள் கசிவை நிறுத்தும். விற்கப்போகிற வண்டிக்கோ, பெட்டியை இறக்கினால் வண்டியின் விலையைவிடச் செலவு அதிகம் என்கிற கிழட்டு வண்டிக்கோ, அது ஒரு வழி. ரொம்ப உப்பினால் ரப்பர் கொழகொழத்துப் போகும், நல்ல சீலும் சேர்ந்து கெடும். தேய்ந்த கிளட்ச் தட்டை எந்தத் திரவமும் வளர்க்காது. இன்னொன்றும் தெரிந்துகொண்டேன்: சில கார்களின் பின் ஆக்சிலுக்கு ஃபோர்டு, ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனிகளே தனியாக ஒரு உராய்வுச் சேர்மானம் விற்கின்றன, ஊற்றச் சொல்லிக் கையேட்டிலேயே போடுகிறார்கள். செய்தவனே சொன்னால் ஊற்றலாம். கடைக்காரர் சொன்னால்? அமெரிக்க அரசின் வணிக ஆணையம் 'ஸ்லிக் 50' என்ற புகழ்பெற்ற எஞ்சின் டானிக்கின் விளம்பரங்களுக்கு ஆதாரம் போதாது என்று வழக்குப் போட்டு, 1997-ல் அந்தக் கம்பெனி சமரசத்துக்கு வந்தது. அது எஞ்சினுக்கானது, கியருக்கானதில்லை. இருந்தாலும் டப்பாமேல் அச்சடித்ததெல்லாம் வேதம் இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

என் காருக்கு வைத்தியம் சுலபமாக முடிந்தது. கூலர் ஓஸ் மாற்றி, கையேட்டில் போட்டிருந்த ரக ஆயிலை வாங்கி, இரண்டு தடவை வடித்து நிரப்பினான். ஏன் இரண்டு தடவை என்றால், என் பெட்டியில் மொத்தம் ஆறு லிட்டர் பிடிக்கும், கீழே போல்ட்டைக் கழற்றினால் நாலுதான் வரும். மீதி டார்க் கன்வர்ட்டருக்குள் ஒளிந்திருக்கும். முதல் தடவை மூன்றில் ஒரு பங்கு பழசு தங்கும், இரண்டாவது தடவை ஒன்பதில் ஒரு பங்கு. தட்டுகள் கொஞ்சம் தேய்ந்திருக்கின்றன, எத்தனை வருஷம் வரும் என்று உறுதி சொல்ல முடியாது என்றான். இப்போது நன்றாகப் பிடிக்கிறது. மலை ஏறும்போது வண்டியை ஆக்ஸிலேட்டரிலேயே தாங்கி நிறுத்தக்கூடாது, பிரேக்கில் நிறுத்த வேண்டும், இறங்கும்போது 'டி'யில் விட்டுவிட்டுப் பிரேக்கையே நம்பாமல் '2'க்கு மாற்ற வேண்டும் என்றும் சொல்லி அனுப்பினான். ஆயிலுக்கு முதல் எதிரி சூடு. நம் சாலையில் சூட்டுக்குப் பஞ்சமில்லை.

ஹெச்.எம். சார் காருக்கு அவ்வளவு சுலபமில்லை. கம்பெனி ஒர்க்‌ஷாப்பில் ஆயிலைச் சோதித்துவிட்டு, 'வேறு திரவம் கலந்துள்ளது' என்று ஜாப் கார்டில் எழுதிவிட்டார்கள். அந்த ஒரு வரியால் மகன் காசு கட்டி வாங்கியிருந்த கூடுதல் வாரண்டி போயிற்று. பெல்ட்டும் புல்லியும் கீறியிருந்தால் பெட்டியையே மாற்ற வேண்டும், ஒரு லட்சத்துக்கு மேல் ஆகும், முதலில் ஆயிலை மாற்றிப் பார்ப்போம் என்றார்கள். ஏழு லிட்டர் பெட்டி, ஒரு தடவைக்குப் பாதிதான் வடியும். நான் கொடுத்த 300 மில்லி முதல் தடவையில் 150 ஆனது, அடுத்து 75, மூன்றாவது தடவைக்குப் பிறகும் 37 மில்லிக்குக் குறையாமல் உள்ளேயே இருக்கும். கடன் வட்டி மாதிரி, சைபருக்கு வருவதே இல்லை. பத்தொன்பதாயிரத்துச் சொச்சம் செலவு. நடுக்கம் பெரும்பாலும் நின்றது. பனிக்காலத்துக் காலையில் முதல் இரண்டு கிலோமீட்டர் மட்டும் இன்னும் லேசாக இருக்கிறது. அது போகுமா, அப்படியே இருக்குமா, வளருமா, யாருக்கும் தெரியாது.

பாதிச் செலவை நான் கொடுக்கிறேன் என்று கவரில் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். வாங்கவே மாட்டேன் என்றுவிட்டார். "நான் என்ன எல்.கே.ஜி. பிள்ளையா, நீங்க சொன்னதும் ஊத்தறதுக்கு? படிச்சுட்டுத்தானே ஊத்தினேன்" என்றார். அப்புறம்தான் தெரிந்தது, மகன் போனில் யார் சொல்லி ஊற்றினீர்கள் என்று கேட்டபோது "யாரோ கடைக்காரன் சொன்னான்டா" என்று சொல்லியிருக்கிறார். நாற்பது வருஷம் பிள்ளைகளுக்குப் பொய் சொல்லாதே என்று பாடம் நடத்தியவர். ஏரிக்கரையில் பெஞ்சில் உட்கார்ந்து இதைச் சொன்னபோது அவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை, நானும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

தீபாவளிக்கு மகன் குடும்பத்தோடு வந்திருந்தான். பட்சணத் தட்டோடு போய், காபி குடித்து, வேறு எதையெதையோ பேசி, கடைசியில் சொல்லிவிட்டேன். டப்பா வாங்கினது நான், கொடுத்தது நான், கடைக்காரர் யாரும் அப்பாவிடம் பேசவில்லை என்று.

"தெரியும் அங்கிள்" என்றான். "அப்பா சோப்பு வாங்கினாலே ரெண்டு பேரைக் கேட்டுட்டுத்தான் வாங்குவார். கடைக்காரர் பேச்சைக் கேட்டு ஊத்தினார்னா யார் நம்புவா? உங்க கார் எப்படி இருக்கு இப்போ?"

ஹெச்.எம். சார் உள்ளே போய்விட்டார், முறுக்கு எடுத்து வருகிறேன் என்று. முறுக்கு எங்கள் முன்னால்தான் இருந்தது.

இப்போது இரண்டு காரிலும் டாஷ்போர்டு பெட்டிக்குள் ஒரு தாள் இருக்கிறது. எந்த ரக ஆயில், எத்தனை லிட்டர், கடைசியாக மாற்றிய தேதி, கிலோமீட்டர், 'கையேட்டில் குறிப்பிட்டதைத் தவிர வேறு எதையும் நிறப்பவும் கூடாது, கலக்கவும் கூடாது' என்று ஆபீஸ் பாணியில் என் கையாலேயே எழுதினது. அவருடைய தாளை அவரிடம் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார். சட்டைப்பையிலிருந்து சிவப்பு மைப் பேனாவை எடுத்து, 'நிறப்பவும்' என்பதில் 'ற'வை அடித்து 'ர' போட்டார். என் தாளையும் வாங்கித் திருத்திக் கொடுத்தார்.